நல்ல உச்சரிப்பு

ஜூன் 10

இன்று எங்கள் வீட்டுப் பள்ளி தொடங்கியது.

பாளையங்கோட்டையில் எந்தத் தெருவிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு பள்ளிக்கூடத்தின் சுவர் வந்துவிடும். அந்த ஊரில் என் பிள்ளைகள் இரண்டு பேரும் இனி வீட்டில் படிக்கப் போகிறார்கள். பெர்சிஸ் எட்டாம் வகுப்பு. ஏனோக் மூன்றாம் வகுப்பு. இருபத்திரண்டு வருடம் தமிழாசிரியராக இருந்தவன் நான். ஏப்ரலில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். பள்ளிக்கூடங்கள் அழுகிவிட்டன. உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன். கர்த்தர் காட்டிய வழி இது. பலமுறை ஜெபித்துத்தான் முடிவெடுத்தேன்.

காலையில் குடும்ப ஜெபம், பிறகு வேதபாடம், தமிழ், சமூக அறிவியல். பின்னறையில் கட்டிலைச் சுவரோரம் நகர்த்தி, மேசை போட்டு, கரும்பலகை மாட்டியிருக்கிறேன். எப்சிபா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தாள். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ஒரு வருஷம் பாப்போம்" என்றாள்.

ஏனோக் கேட்டான்: "அப்பா, இன்டர்வெல் உண்டா?"

"பள்ளி நேரத்துல அப்பா இல்ல. ஐயான்னு கூப்பிடணும்."

"ஐயா, இன்டர்வெல் உண்டா?"

உண்டு என்றேன்.

ஜூன் 12

பிள்ளைகளோடு ஒரு முழு நாள் இருப்பது என்றால் என்ன என்று இந்த வயதில்தான் தெரிகிறது. ஏனோக் மூக்கைத் துடைத்த விரலை மேசைக்கு அடியில் தேய்க்கிறான். குனிந்து பார்த்தேன். ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தேன். பெர்சிஸ் சீப்பில் சுருண்ட முடியை எடுக்காமல் ஜன்னலில் வைத்துவிடுகிறாள். மதியம் அவித்த முட்டையின் நாற்றம் இலக்கண வகுப்பு முடியும்வரை அறையை விட்டுப் போகவில்லை.

வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தியவன்தான். ஆனால் அங்கே மூக்குகள் தூரத்தில் இருந்தன.

ஜூன் 24

எதிர்வீட்டுக்காரர் கேட் அருகே நிறுத்திக் கேட்டார். "சார், பிள்ளைங்களுக்கு மேலுக்குச் சரியில்லையா? ஸ்கூலுக்குப் போறதக் காணோமே."

விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப எப்ப சரியாவும்?" என்றார். இப்படிப்பட்ட மூளைகளை உருவாக்கியதுதான் நம் கல்விமுறை.

ஜூலை 7, ஞாயிறு

ஆலயத்தில் இப்போது பாட்டுகளைத் திரையில் போடுகிறார்கள். ஒரு பாட்டில் ஏழு ஒற்றுப்பிழை. சபையே பிழையோடு வாய் திறந்து பாடுகிறது. எங்கள் சபைப் போதகரான ஐயர் இளைஞர். பிரசங்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆங்கிலம். ஆராதனை முடிவில், "நம்ம ஸ்கூலுக்குப் புது ஹெட்மிஸ்ட்ரஸ் வந்திருக்காங்க, ஜெபக்கனி டீச்சருக்காக ஆண்டவரைத் துதிப்போம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆலயத்துக்குள் கைதட்டல்!

கணக்கு டீச்சரான ஜெபக்கனி எனக்குப் பன்னிரண்டு வருடம் ஜூனியர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாடக்குறிப்பு எப்படி எழுத வேண்டும் என்று என்னிடம்தான் வந்து கேட்டாள்.

வெளியே வந்ததும் நேராகப் பெர்சிஸிடம் வந்தாள். "என்ன பெர்சிஸ், நல்லாருக்கியா? கணக்கெல்லாம் எப்படிப் போவுது?" பெர்சிஸ் சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பை நான் பார்த்து வெகுநாளாகிறது. நேரமாகிறது என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன்.

வரும் வழியில் சொன்னேன்: "அது காலைப் பிடிச்சு வாங்குன நாற்காலி."

ஏனோக் கேட்டான்: "நாற்காலிக்கு நாலு காலு உண்டும்லாப்பா. எந்தக் காலப் பிடிச்சாங்க?"

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு! பெர்சிஸ் சாலையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எப்சிபாவும் சிரிக்கவில்லை.

ஜூலை 19

ஏனோக்குக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. ஐயர் பிரசங்கம் செய்வதைப் போல இன்று நடித்துக் காட்டினான். "கர்த்தர் இஸ் வெரி குட், ஆமென் சொல்லுங்க!" என்று கையை ஆட்டினான். பிறகு பட்டியல் போட்டான். ஐயர் வேஷக்காரர், எதிர்வீட்டு மாமா மண்டு, ஸ்கூல் எல்லாம் அழுகல். ஓர் எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பகுத்தறியத் தெரிவது வீட்டுக் கல்வியின் பயன். இரண்டு கடலை மிட்டாய் கொடுத்தேன்.

"ஏலே, வெளிய சொல்லப்படாது" என்றும் சொல்லிவைத்தேன்.

ஆகஸ்ட் 2

எப்சிபாவோடு வாக்குவாதம். இரவுப் பணி முடிந்து வந்தவள், துவைத்த யூனிபார்மை உதறிக் காயப்போட்டுக்கொண்டே, பிள்ளைகளைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா என்றாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கா என்று கேட்டேன். காலைப் பிடித்துப் பதவி வாங்குகிறவர்கள் கையிலா?

"நீங்களும்தான் ஸ்கூல் செயலாளர் வீட்டுக்கு ரெண்டு தடவ போனீங்க. ரெண்டாந்தடவ அல்வா வாங்கிட்டுப் போனீங்க. நான்தான பொட்டணத்தப் பைக்குள்ள வச்சுத் தந்தேன்?"

அது வேறு. பொதுவான சில விஷயங்கள் பேசவும், மரியாதை நிமித்தமாகவும் போனேன். வெறுங்கையோடு போவது பண்பாடு இல்லை. ஒரு மனைவிக்கு இந்த வித்தியாசம் தெரியாதது வேதனை.

கொடியில் காய்ந்த யூனிபார்மில் இன்னும் டெட்டால் வாசனை. தலை வலிக்கிறது.

ஆகஸ்ட் 20

கணக்கு எனக்கு வராது. மறைப்பதற்கில்லை. எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தைப் பத்து நாளாகத் தள்ளிப்போட்டு வந்தேன். இன்று பெர்சிஸ் தானாகவே பயிற்சி முழுவதும் போட்டு முடித்துவிட்டாள். பின்னாலிருந்த விடைகளோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. தம்பிக்கும் வகுத்தல் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

சனிக்கிழமை மாலையில் அவளும் எப்சிபாவும் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போகிறார்கள். திரும்பி வர நேரமாகிறது. இவ்வளவு பாடியும் பெர்சிஸ் வீட்டில் ஒரு வரி முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

கணக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் கர்த்தர் ஞானம் தருகிறார்.

செப்டம்பர் 5

ஆசிரியர் தினம். பழைய மாணவர் யாரும் வரவில்லை. நல்லது. வந்திருந்தால் காபி போட வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 28

காலாண்டு விடுமுறை விட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. தெருவெங்கும் கூச்சல். எதிர்வீட்டுப் பேரன் பந்தோடு ஏனோக்கைத் தேடி வந்தான். ஏனோக் படியில் நின்றுகொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"நீ எத்தனாவது ரேங்க்?"

"எங்க மிஸ் ரேங்க் போட மாட்டாங்க."

"போட்டாத்தான தெரியும், நீங்கல்லாம் மண்டுன்னு. சட்டையப் பாரு, எவ்வளவு அழுக்கு. சீ."

அந்தப் பையன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். பிறகு பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான். நான் உள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கண்டித்திருக்கலாம். ஆனால் சட்டை உண்மையிலேயே அழுக்காக இருந்தது.

மாலையில் ஏனோக் கிணற்றடிச் சுவரில் தனியாகப் பந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 15

ஏனோக்குக்குக் காய்ச்சல். மதியம் மூன்று தடவை வாந்தி. எப்சிபா பணியில் இருந்தாள். பெர்சிஸைத் தூரப் போகச் சொல்லிவிட்டு நானே அள்ளினேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டேன். புளித்த பால், அரையும் குறையுமான இட்லி, தரையின் வெடிப்புக்குள்ளெல்லாம் ஓடி நிற்கிறது. எத்தனை வாளி ஊற்றினாலும் அந்த வாடை கையை விட்டுப் போகவில்லை. சோறு இறங்கவில்லை.

மாலையில் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறக்காமலே, "ஐயா, தண்ணி" என்றான்.

வகுப்பு இன்றைக்கு நடக்கவே இல்லை. அப்பா என்றே கூப்பிட்டிருக்கலாம். நான் திருத்தவில்லை. தண்ணீர் கொடுத்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

ஞாயிறு பள்ளி ஆசிரியை, கல்லூரியில் படிக்கும் பெண், ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து தயங்கித் தயங்கி நின்றாள்.

"அங்கிள், தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஏனோக் மத்த பிள்ளைங்க கூட உக்கார மாட்டேங்கான். நாறுதுங்கான். ஒவ்வொருத்தரப் பாத்தும் முகத்த ஒரு மாதிரி வச்சுக்கிடுதான். சின்னப் பிள்ளைங்க அழுவுதுங்க."

"எந்த மாதிரி?"

அவள் செய்து காட்டினாள். மேலுதட்டின் இடது ஓரம் மட்டும் மேலே ஏறியது. மூக்கு சுருங்கியது. கண் பாதி மூடியது. உடனே கூச்சப்பட்டு, "சாரி அங்கிள்" என்று போய்விட்டாள்.

எங்கிருந்து கற்றுக்கொண்டான் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் டிவி கூட இல்லை.

எப்சிபாவிடம் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 29

மூன்று நாளாக மழை. கரும்பலகையில் பூசணம். பெர்சிஸ் எதற்கும் "சரிப்பா" என்கிறாள். கட்டுரை எழுது, சரிப்பா. இது தப்பு, சரிப்பா. உனக்குச் சொந்தமாக ஒன்றும் சொல்லத் தோன்றாதா என்று கேட்டேன். "சரிப்பா" என்றாள்.

டிசம்பர் 23

எழுத மனமில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மாலை ஐந்து மணி இருக்கும். நானும் பிள்ளைகளும் முன்னறையில் நட்சத்திர விளக்குக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தோம். எப்சிபா இன்னும் பணியிலிருந்து வரவில்லை. கேட் சத்தம் கேட்டது. ஜெபக்கனி டீச்சர். கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி.

"கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுட்டேன் சார். பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் குடுக்கலாம்னு கொண்டாந்தேன்."

வாருங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னேனா என்று நினைவில்லை. பெர்சிஸ் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீச்சர் உட்காராமல் வாளியைத் திறந்து ஏனோக்கிடம் நீட்டினாள்.

"எடுத்துக்கோ ஏனோக்."

ஏனோக் ஒரு முறுக்கை எடுத்தான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். பிறகு முகர்ந்தான்.

"இது காலைப் பிடிச்சவங்க சுட்டதுதான? சீ. நாறுது."

முறுக்கைத் தரையில் போட்டுச் குதிகாலால் மிதித்தான். நொறுங்கிய சத்தம் கேட்டது. பெர்சிஸ் "ஏலே!" என்று கத்தினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. டீச்சரையும் பார்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். மேலுதட்டின் இடது ஓரம் ஏறியிருந்தது.

"நல்லா சொன்னேனாப்பா?"

நான் அந்த முகத்தைப் பார்த்தேன். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம். பால் பல் விழுந்த ஓட்டையோடு அது என்னைப் பார்த்து நின்றது. அன்று வாந்தி அள்ளியபோது கூட இவ்வளவு அருவருப்பு இருந்ததில்லை.

கையை ஓங்கிக்கொண்டு போனேன். டீச்சர் குறுக்கே வந்துவிட்டாள்.

"அடிக்காதீங்க சார். பிள்ளைதான."

அவளே குனிந்து தூள்களைக் கூட்டி உள்ளங்கையில் அள்ளினாள். பெர்சிஸும் உட்கார்ந்து அள்ளினாள். நான் ஒயரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் அள்ளி முடித்துவிட்டு நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"பிள்ளைக்கு உச்சரிப்பு நல்லாருக்கு சார். றகரம்கூட சுத்தமா வருது. நீங்க சொல்லிக் குடுத்ததுல்லா."

குரலில் கோபம் இல்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. வாளியைப் பெர்சிஸ் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

டிசம்பர் 24

பெர்சிஸ் எல்லாவற்றையும் தாயிடம் சொல்லியிருக்கிறாள். எப்சிபா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பாமல் பேசினாள்.

"அவன் பேசுனதுல ஒரு வார்த்தையாவது அவன் வார்த்தை உண்டா?"

நான் துண்டை எடுத்துக் கழுவிய தட்டைத் துடைத்தேன்.

"ஜனவரில பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போவும். நீங்க வந்து சேக்கீங்களா, நான் லீவு போட்டுட்டுப் போய்ச் சேக்கட்டா? இந்த ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

"பிள்ளைகள வேதத்துல வளக்கணும்னுதான் நான்..."

"வேதமா?" குழாயை மூடினாள். "ஆறு மாசமா பிள்ளைங்களுக்கு முன்னால நீங்க யாரையாவது ஒருத்தர நல்லவங்கன்னு சொன்னதுண்டா? ஒரே ஒருத்தர? எனக்கு ஞாபகப்படுத்துங்க, கேக்கேன்."

யோசித்தேன். உண்மையிலேயே யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை. அவள் மறுபடியும் குழாயைத் திறந்துவிட்டாள்.

டிசம்பர் 25

ஆராதனைக்குத் தாமதமாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். திரையில் பிழைகள் இருந்திருக்கும். பார்க்கவில்லை.

டிசம்பர் 28

ஏனோக்கைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னேன். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், பெரியவர்களை அப்படிப் பேசக் கூடாது.

அவன் குழம்பிப்போய்ப் பார்த்தான். அழுவதற்கு முன் உதடு துடிக்குமே, அப்படித் துடித்தது.

"நீங்க சொன்னதத்தானப்பா சொன்னேன்."

"ஆமா. ஆனா..."

"அப்ப நீங்க சொன்னது பொய்யா?"

கை கழுவிவிட்டுச் சாப்பிட வா என்றேன்.

சாப்பிடும்போது மறுபடியும் கேட்டான். பெர்சிஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எப்சிபாவும் பார்த்தாள். மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"பொய்தான்" என்றேன். "டீச்சர் யார் காலையும் பிடிக்கல. அவங்க நல்லா வேல பாப்பாங்க. அதான் குடுத்தாங்க."

இதைச் சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு ஒன்றும் லேசாகவில்லை. வாயில் கசந்தது. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க வேண்டியவன் என்றுதான் இப்போதும் உள்ளே ஒன்று முனகுகிறது. அதைக் கேட்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஏனோக், "அப்ப நான் முறுக்கு மிதிச்சது?" என்றான்.

"தப்பு."

"நீங்க சொன்னது?"

"அதுவும் தப்பு."

"அப்ப எதிர்வீட்டு மாமா?" என்றான். பட்டியல் நீளமானது. ஒவ்வொன்றாகக் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது.

ஜனவரி 6

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான்தான் போனேன். எப்சிபா லீவு போடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

வாசலில் காவலாளி சல்யூட் வைத்தார். "சார், திரும்ப வந்துட்டீங்களா?" பிள்ளைகளைச் சேர்க்க என்றேன். மணி அடித்தது. நான் பாடம் நடத்திய அறையிலிருந்து வேறு யாரோ செய்யுள் நடத்தும் குரல் வந்தது. சீர் பிரிப்பில் ஒரு தவறு. நடந்துகொண்டே இருந்தேன்.

தலைமையாசிரியர் அறை. ஜெபக்கனி டீச்சர் எழுந்து நின்று, "வாங்க சார், உக்காருங்க" என்றாள். நான் உட்காரவில்லை. எட்டாம் வகுப்புவரை வருடத்தின் நடுவிலும் சேர்க்கலாம், வயதுக்கேற்ற வகுப்பில் என்று விளக்கினாள். எனக்கும் தெரிந்த விதிதான். தெரியாதவன்போலக் கேட்டுக்கொண்டேன்.

எழுத்தர், பெர்சிஸுக்குப் பரீட்சை வைத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம். அவ எதுவர படிச்சிருக்கான்னு எனக்குத் தெரியும்" என்றாள் டீச்சர். சொன்னபிறகுதான் அவளுக்கு நான் நிற்பது ஞாபகம் வந்தது. பெர்சிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

பாடகர் குழுப் பயிற்சி என்று போன சனிக்கிழமைகள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பத்து நாளுக்கு முன்பென்றால் வந்திருக்கும். "நன்றி டீச்சர்" என்றேன். பெர்சிஸ் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு எட்டாம் வகுப்பை நோக்கிப் போனாள். ஓடக் கூடாது என்று வைத்துக்கொண்ட நடை. வராந்தா திரும்பியதும் ஓடிய சத்தம் கேட்டது.

டீச்சர் ஏனோக்கின் அருகில் வந்து குனிந்தாள்.

"ஏனோக், மூணாங்கிளாஸுக்குப் போவமா?"

ஏனோக் மன்னிப்புக் கேட்கவில்லை. வரும் வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டு வந்தவன்தான். திரும்பி என் முகத்தைப் பார்த்தான். இந்த அம்மாளைப் பார்த்து எந்த முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிற பார்வை.

என் மேலுதட்டின் இடது ஓரம் ஏறியிருப்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அதை இறக்கினேன். ஓர் உதட்டை இறக்க இவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்குத் தெரியாது. பிறகு சிரித்தேன். பல்லைக் காட்டினேன் என்பதுதான் சரி.

ஏனோக் வெகுநேரம் உற்றுப் பார்த்தான். அவனும் மெல்ல அதேபோலப் பல்லைக் காட்டினான். டீச்சர் பக்கம் திரும்பி, "சாரி டீச்சர்" என்றான். டீச்சர் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு போனான்.

தனியாகத் திரும்பி நடந்தேன். அவன் சிரித்ததும் பொய், நான் சிரித்ததும் பொய். அவன் வயதில் பொய்யாகச் சிரிப்பது நாள்பட உண்மையாகிவிடும். எனக்கு நாற்பத்தொன்பது.